கோப்பைக் கடையில் போனை எடுப்பவருக்கு

நான் வாண்டு. வயது பதினெட்டு முடிந்துவிட்டது, ஆனாலும் உங்களுக்கெல்லாம் வாண்டுதான். இப்போது பள்ளிக்கூட அரங்கத்துக்குப் பின்னால் இருக்கும் மாடிப்படியில் உட்கார்ந்து போனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். பேசப் பேச அது எழுதிக்கொள்கிறது. கையால் அடித்தால் ஒவ்வொரு வரியாக அழித்துவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். வீட்டில் பேசுவது போலவே பேசினால் இந்தப் போன் திணறுகிறது. அதனால் செய்தி வாசிப்பவர் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுகிறேன். சிரிக்காதீர்கள்.

இதைக் கடை எண்ணுக்கு அனுப்புகிறேன். அந்தப் போனைப் பெரியப்பா எடுக்கலாம், அத்தை எடுக்கலாம், வேலை முடிந்து வரும் வழியில் அப்பாவும் எடுக்கலாம். யார் கையில் கிடைக்குமோ தெரியாது, அதனால் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து சொல்கிறேன். நேரில் பேசியிருக்கலாமே என்பீர்கள். இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் பெரியப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். "நம்ம கேப்டன் லைன்ல இருக்காரு, எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்கப்பா" என்றார். ஷீல்டு வாங்க வந்தவர்கள் கைதட்டினார்கள். அதற்கு மேல் நான் என்ன பேச? சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுத்தாக இருந்தால் யாரும் நடுவில் புக முடியாது.

வெளிநாட்டில் இந்த அக்கா வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. செருப்புத் தைக்கும் கடைக்கு மேலே இரண்டு அறை. அக்கா ஆஸ்பத்திரிச் சலவையறையில் விரிப்பு மடிக்கிறாள், அத்தான் வேன் ஓட்டுகிறார். எனக்கு மேஜை இல்லை. அக்கா இஸ்திரி போட்டு முடித்ததும் அந்தப் பலகையைத் தாழ்த்தி வைத்து அதில்தான் படிப்பேன். கதகதவென்று இருக்கும். மருந்தியல் படிக்க வேண்டும், அதற்குப் பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் கிடைக்க வேண்டும். இதற்காகத்தான் என்னை அனுப்பினீர்கள். இது மட்டும்தான் என் வேலை.

போன வருடக் கடைசியில் வழிகாட்டி டீச்சர் கூப்பிட்டனுப்பினார். விண்ணப்பம் போடும் பிள்ளைகளுக்கு யோசனை சொல்வதுதான் அவர் வேலை. அறை முழுக்க அட்டைப்பெட்டிகள். நாற்காலியில் இருந்த கோப்புகளைத் தரையில் வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். விண்ணப்பத்தில் ஒரு பக்கத்தைக் காட்டினார். பத்துக் கட்டங்கள். வகுப்புக்கு வெளியே என்ன செய்தாய், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதில் உன் பொறுப்பு என்ன. அவர் பேசியதை நம் பேச்சிலேயே சொல்கிறேன்.

"பாட்டு, கீட்டு?"

"இல்ல டீச்சர்."

"விளையாட்டு?"

"இல்ல."

"சும்மா இருக்கறப்ப என்னதான்பா செய்வே?"

"படிப்பேன்."

"படிச்சு முடிச்சதும்?"

"இன்னொரு தடவ படிப்பேன்."

அவர் பேனாவை மூடினார். "மார்க் மட்டும்னா உன்ன மாதிரி இன்னும் அறுநூறு பேரு வரிசையில நிக்கறாங்க. அதுக்காக பத்துக் கட்டத்தையும் நிரப்பச் சொல்லல. ஒண்ணு போதும். ஆனா நெசமா இருக்கணும். அரங்கத்துல விளக்குப் போட ஆள் இல்லையாம், போய்ப் பாரேன்" என்றார்.

போனேன். பள்ளி நாடகத்துக்கு விளக்குப் போடும் குழு. அதற்குத் தலைவி என் வகுப்புப் பெண். உயரமானவள், எப்போதும் ஏணி மேலேயே இருப்பாள், அதனால் அவளை எல்லோரும் ஏணி என்றே கூப்பிடுவார்கள். என் பெயருக்கு அர்த்தம் கேட்டாள், சொன்னேன். "நீ வாண்டு, நான் ஏணி. ரொம்ப நல்லாருக்கு, போய் அந்தச் சங்கிலிய எடு" என்றாள்.

மேலே தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக ஒரு சங்கிலி மாட்ட வேண்டும், கொக்கி விட்டாலும் தலையில் விழாமல் இருக்க. வண்ணத் தாளை அளந்து வெட்டிச் சட்டத்தில் செருக வேண்டும். விளக்கு சூடாக இருக்கும்போது தோல் கையுறை போட்டுத்தான் தொடலாம். இரண்டு வாரம் இதுதான். பிறகு என்னைப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்தாள். மேடை விளக்குகள் எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கும் பலகை அது. நாடகத்தில் நாற்பத்தொரு மாற்றங்கள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். மனப்பாடம்தான் எனக்கு வருமே.

இருபத்துமூன்றாவது மாற்றம் விடியல். மேடையில் ஒரு குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்; அவர்கள் பேசிக்கொண்டே இருக்கையில் ஜன்னலுக்கு வெளியே விடிய வேண்டும். இரண்டு நிமிடம் முழுக்க ஒரே குமிழை ஒரே சீராக மேலே தள்ள வேண்டும். பார்க்கிறவர்களுக்கு எப்போது விடிந்தது என்றே தெரியக் கூடாது. முதல் நாள் நான் தள்ளியதைப் பார்த்து, "என்னடா இது, சூரியனுக்கு விக்கலா?" என்றாள் ஏணி. பத்து நாளில் சரியாக வந்துவிட்டது. யாரும் கவனிக்காமல் ஒரு காரியத்தை நன்றாகச் செய்வது எனக்குப் பிடித்திருந்தது. இதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை.

சொல்லாததற்குக் காரணம் வேதியியல். தொண்ணூற்று நாலில் இருந்தது எண்பத்தொன்றுக்கு வந்துவிட்டது. அப்பா, அன்றைக்கு நீங்கள் பேசியது நினைவிருக்கிறதா?

"என்னடா எண்பத்தொண்ணு?"

"மூணு நாள் ஒத்திகை இருந்துச்சுப்பா."

"லைட்டுப் போடவா உன்ன அங்க அனுப்புனோம்? சுவிட்சத் தட்டினா எரியப்போகுது. அதுக்கு நீ எதுக்கு?"

பின்னால் அம்மா: "பிள்ளையத் திட்டாதீங்க. மெலிஞ்சு போயிட்டான்."

"போன்ல எப்படிடி மெலிஞ்சது தெரியுது?"

"குரலே மெலிஞ்சிருக்கு."

அதற்குப் பிறகு டீச்சரிடம் போனேன். இரண்டையும் விடாதே, ஒத்திகையில் இரண்டு நாள் குறைத்துக்கொள், எண்பத்தைந்துக்கு வந்தாலே போதும், நான் கடிதம் எழுதுகிறேன் என்றார். அப்பா விட்டுவிடு என்கிறார். ஏணி இன்னும் ஒரு நாள் கூடுதலாக வா என்கிறாள். அத்தானிடம் கேட்டேன். வேன் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டே, "எல்லார்கிட்டயும் சரின்னு சொல்லிடு மாப்ள. வேலையில நான் அப்படித்தான் ஓட்டறேன்" என்றார்.

அப்படியே செய்தேன். அப்பாவிடம் விட்டுவிட்டேன் என்றேன், டீச்சரிடம் குறைத்துவிட்டேன் என்றேன், ஏணியிடம் வருகிறேன் என்றேன். மடியில் வேதியியல் புத்தகம், கை பலகையில். ஒரு ஒத்திகையில் மூலக்கூறு ஒன்றைப் பார்த்துக்கொண்டே ஒரு மாற்றத்தைத் தவறவிட்டேன். மேடையில் அழுதுகொண்டிருந்தவன் இருட்டில் அழுதான். வகுப்பில் கேள்வி கேட்டால் விடியல்தான் நினைவுக்கு வந்தது. எங்கே இருந்தாலும் இன்னோர் இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்றே தோன்றியது. நாடகத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஏணியிடம் போய், இனி வர முடியாது என்றேன்.

அவள் ஏணியிலிருந்து இறங்கவில்லை. "இத மூணு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா வேற ஆளப் பழக்கியிருப்பேன்ல?"

"எங்க அப்பா..."

"உங்க அப்பாவுக்கும் எனக்கும் என்னடா தகராறு? உன் நோட்ட வச்சிட்டுப் போ."

வைத்துவிட்டுப் போனேன். நாடகத்தன்று கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். விடியல் மூன்று குதியில் வந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு குதிக்கும் தூக்கிப்போட்டது.

வேதியியல் எண்பத்தொன்பதுக்கு ஏறியது. நீங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டீர்கள். நானும் பட்டேன், பொய் சொல்லவில்லை. பிறகு விண்ணப்பத்தைத் திறந்தால் பத்துக் கட்டங்களும் காலியாக இருந்தன. பாதியில் ஓடிவந்ததை எப்படி எழுதுவது என்று வெட்கம். டீச்சரிடம் கேட்கவும் வெட்கம். அப்பாவிடம்தான் சொன்னேன்.

அப்பா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அவ்வளவுதானே? சர்டிபிகேட்தானே கேக்கறாங்க? நம்ம வீட்லயே கடை இருக்கே!"

நம் கடையில் மூன்று வருடமாக ஒரு கோப்பை கிடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு வாலிபால் கிளப் செய்யச் சொல்லிவிட்டு எடுக்காமலே கலைந்துபோனது. உச்சியில் ஓர் ஆள் கையை உயர்த்திக் குதித்துக்கொண்டிருப்பான். பந்து உடைந்து எங்கேயோ விழுந்துவிட்டதால் பஸ்ஸை நிறுத்துகிறவன் மாதிரி இருப்பான். பெரியப்பா பழைய எழுத்தைத் தேய்த்துவிட்டு என் பெயரைப் பொறித்தார். அந்தக் கிளப்பின் முத்திரை கடையிலேயே இருந்ததால் சான்றிதழும் தயாராகிவிட்டது. மூன்று வருடம் அணித் தலைவன், வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். விசாரிக்க வேண்டிய எண் என்று கடை எண்ணையே போட்டுவிட்டார்.

"பெரியப்பா, நான் பந்தத் தொட்டதே இல்லையே."

"கிளப்பே இல்ல, யாருடா வந்து கேக்கப் போறா? எத்தன பேருக்கோ எழுதிக் குடுத்த கை இது. சொந்தப் பிள்ளைக்கு எழுதக் கூடாதா?"

நீங்கள் அன்பாகத்தான் செய்தீர்கள் பெரியப்பா. நல்ல தடித் தாளில், ஓரத்தில் பொன் கோடு போட்டு அடித்திருந்தீர்கள். நான் வாங்கிய எந்தச் சான்றிதழும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

அக்கா அதைப் பார்த்துவிட்டு, "பொய்யாச்சேடா" என்றாள். பாதுகாவலர் என்ற இடத்தில் அத்தான் கையெழுத்துப் போட்டார். கடைசி நாள், கடைசி மணி. அனுப்பு என்ற பொத்தானை அழுத்தியது என் விரல்தான். இதை நான் யார் தலையிலும் கட்டவில்லை.

முந்தாநாள் திங்கட்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. நீங்கள் முதல் வரியைத்தான் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினீர்கள்: இடம் தரத் தயாராக இருக்கிறோம். அடுத்த வரியைக் கடையில் யாருக்கும் வாசிக்கவில்லை. அவர்களுடைய வாலிபால் அணிக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் ஆள் இல்லையாம். குள்ளமாக, வேகமாக ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார்களாம். என் உயரத்தையும் தலைவன் பதவியையும் பார்த்துப் பயிற்சியாளருக்கு ஒரே சந்தோஷம். வியாழக்கிழமை கிளப்பைப் போனில் கூப்பிட்டு என் ஆட்டத்தைப் பற்றி விசாரிப்பார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் போய் ஆடிக் காட்ட வேண்டும். பிறகுதான் இடம் உறுதி.

அன்று சாயங்காலம் குடும்பமே வீடியோவில் கூடியது. நான் வாயைத் திறக்குமுன் ஆளுக்கொரு யோசனை.

"இன்னும் நாலு நாள் இருக்கே, கத்துக்கோயேன். பந்துதானே? வர்றதத் தட்டணும்" என்றார் அப்பா.

"கால் சுளுக்கிடுச்சுன்னு ஒரு கட்டப் போட்டுக்கிட்டுப் போ" என்றாள் அத்தை.

"வலது காலா, இடது காலா? இப்பவே முடிவு பண்ணணும், அப்புறம் மாத்திக் கட்டிடப் போறான்" என்றார் பெரியப்பா.

"கால வச்சு விளையாடாதீங்க, நெசமாவே ஏதாவது ஆயிடப் போகுது" என்றாள் அம்மா. அம்மா ஒருத்திக்குத்தான் கண் கலங்கியிருந்தது. ஆனால் அதுவும் சுளுக்குக்காக.

பெரியப்பா வியாழக்கிழமைக்கு ஒத்திகையும் நடத்திக் காட்டினார். அத்தை பயிற்சியாளர் குரலில் கேட்டாள்: "உங்க பையன் எப்படி ஆடுவாரு?" பெரியப்பா தொண்டையைச் செருமி, "அவன் எழும்பினா இறங்கறதுக்கு நேரமாகும் சார்" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். 

செவ்வாய்க்கிழமை பள்ளி மைதானத்தில் ஒரு பந்தை எடுத்துச் சுவரில் தட்டிப் பார்த்தேன். பத்தில் ஏழு என் கைக்கே வரவில்லை. எட்டாவது மூக்கில் பட்டது. சுவர் நின்ற இடத்தில்தான் நின்றது, அப்படியும் என்னால் முடியவில்லை.

இன்று காலை டீச்சர் அறைக்குப் போனேன். தைரியத்தில் போகவில்லை. வேறு எங்கே போவது என்று தெரியாமல் கால் அங்கே போனது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தார். அந்தப் பக்கத்தின் அடியில், கட்டங்கள் காலியாக இருந்தபோதே என்னை நம்பி அவர் போட்ட கையெழுத்தும் இருந்தது.

"வெளக்குப் போட்டத ஏன்பா எழுதல?" என்று கேட்டார்.

"பாதியில விட்டுட்டேன் டீச்சர்."

"மூணு மாசம் போட்டியே. அது பாதியில்ல, மூணு மாசம். அத எழுதியிருந்தா நான் தாங்கிப் பேசியிருப்பேன். இத எப்படித் தாங்கறது?"

அவர் வேறொரு தாள் எடுத்தார். வாலிபால் கட்டத்தை நீக்கச் சொல்லித் திருத்தக் கடிதம். நான் எழுதினேன்: மேடை விளக்கு, மூன்று மாதம், வாரத்துக்கு ஒன்பது மணி நேரம், நாடகத்துக்கு நாலு நாள் முன்னால் விலகினேன். எழுதிப் பார்த்தால் அவ்வளவு சின்னதாக இருந்தது. பத்துக் கட்டத்தில் ஒன்பது காலி. அவர் அதை உடனே அனுப்பிவிட்டார். அரை மணியில் பதிலும் வந்தது.

பதில் இதுதான். திருத்தத்தைப் பார்த்தோம். ஆனாலும் சான்றிதழில் உள்ள எண்ணை நாளைக்கு, அங்கே மாலை நாலு மணிக்கு, கூப்பிடுவோம், மொழிபெயர்க்க ஒருவரை வைத்துக்கொண்டு. அங்கே சொல்வதும் இங்கே சொல்வதும் ஒன்றாக இருந்தால், தவறைத் தானே திருத்திக்கொண்டதாக எடுத்துக்கொண்டு விண்ணப்பத்தை மறுபடி பரிசீலிப்போம். இரண்டும் வேறு வேறாக இருந்தால் விண்ணப்பம் அத்தோடு முடிந்தது; இந்த வருடம் வேறு எங்கேயும் போட முடியாது.

"மறுபடி பாத்தா கெடைக்குமா டீச்சர்?"

"தெரியாதுப்பா. சத்தியமா எனக்குத் தெரியாது. நாளைக்கு அந்தப் போன யாரு எடுப்பா?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. அதை நினைத்துத்தான் இந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறேன். உங்களை எனக்குத் தெரியும். போன் அடித்ததும் பாய்ந்து எடுப்பீர்கள். எனக்காக வாய் கூசாமல் சொல்வீர்கள். எவ்வளவு அன்போ அவ்வளவு உயரத்துக்கு என்னை எழுப்பிவிடுவீர்கள். இங்கிருந்து நான் கை நீட்டி உங்கள் வாயைப் பொத்த முடியாது. இரண்டு வருடமாக எல்லோரிடமும் சரி, சரி என்று சொல்லியே வந்துவிட்டேன். இன்றைக்கு நான் ஒன்று கேட்டால் நீங்கள் கேட்பீர்களா என்றுகூடத் தெரியவில்லை.

பக்கத்தில் அரங்கத்துக் கதவு திறந்திருக்கிறது. ஏணி உள்ளே விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். சங்கிலிச் சத்தம் கேட்கிறது. என்னைப் பார்த்தாள். கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மதிய இடைவேளை முடியப்போகிறது, அடுத்து வேதியியல்.

பெரியப்பா, கடை மானம் போய்விடுமே என்று நினைப்பீர்கள். பயிற்சியாளர் நம் கடைக்கு வந்து கோப்பை வாங்கப் போவதில்லை. அப்பா, என்மேல் கோபம் இருந்தால் நாளை நாலு மணிக்குப் பிறகு கோபப்படுங்கள், நான் போனை எடுக்கிறேன், வைக்க மாட்டேன். அம்மா, கால் நன்றாக இருக்கிறது.

இதைப் படிப்பது யாராக இருந்தாலும் கேட்பது இதுதான். நாளை வியாழக்கிழமை, உங்கள் கடிகாரத்தில் மாலை நாலு மணிக்குக் கடைப் போன் அடிக்கும். எடுப்பவர் இவ்வளவு மட்டும் சொல்லுங்கள்: அவன் வாலிபால் ஆடியதில்லை, சான்றிதழை நாங்கள்தான் அடித்தோம். அதற்கு மேல் என்னைப் பற்றி நல்லதாகக்கூட ஒன்றும் சொல்ல வேண்டாம். இதைக் கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டு, படித்தோம் என்று எனக்கு ஒரு வார்த்தை அனுப்புங்கள்.